கரைந்த உலோகத்தைக் கரையேற்றும் படலம்

நிக்கல் முலாம் பூசும் பட்டறையில் தொட்டியிலிருந்து தூக்கும் ஒவ்வொரு பொருளும் கொஞ்சம் கரைசலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. மூலைமுடுக்கில் தேங்கிய அந்தக் கரைசல் போக, அடுத்தடுத்த தொட்டிகளில் நல்ல தண்ணீரில் முக்கி அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் இளம்பச்சையாக வெளியேறும். நீர்த்துப்போனால் நிறமே தெரியாது. அதைத் துணியில் வடிகட்டினால் எதுவும் தங்காது. நாள்கணக்கில் தெளிய வைத்தாலும் அடியில் எதுவும் படியாது. தண்ணீரில் போட்ட உப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கிறதோ, அப்படியே நிக்கலும் தனித்தனி அயனிகளாக, நேர் மின்னூட்டத்தோடு, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு அலைகிறது.

இப்படிக் கரைந்து கிடக்கும் ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், செம்பு போன்ற உலோகங்களைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க உருவானவை மாற்றியமைத்த பாலிமர் படலங்கள். பிளாஸ்டிக்கையோ, மரத்திலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸையோ, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையோ மெல்லிய ஏடாக வார்த்து, அதில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிக் குழுக்களைப் பொருத்துகிறார்கள். ஏட்டின் தடிமன் பெரும்பாலும் தலைமுடியின் அளவுதான். சொல்லக் கேட்டால் எளிமையாகத் தோன்றும் இந்த வேலைக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான வேதியியல் இருக்கிறது. பட்டறைக்குள் அதைக் கொண்டுவருவதில் இன்னும் தீராத சிக்கல்களும் இருக்கின்றன.

அழியாத நஞ்சு

சாக்கடையில் கலக்கும் அழுக்குகளில் பெரும்பாலானவற்றை நுண்ணுயிர்கள் தின்று செரித்துவிடும். வீட்டுக் கழிவும் சர்க்கரை ஆலைக் கழிவும் போதிய காற்றும் நேரமும் கிடைத்தால் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைந்துபோகும். உலோகத்துக்கு அந்த முடிவு கிடையாது. அது தனிமம். எரித்தாலும் சாம்பலில் இருக்கும். புதைத்தாலும் மண்ணில் இருக்கும். ஆற்றில் விட்ட காட்மியம் படுகைச் சேற்றில் தங்கி, பாசனத்தில் வயலுக்கு ஏறி, அரிசி வழியே மனிதனின் சிறுநீரகத்தில் போய்ச் சேரும்.

ஜப்பானின் டொயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்றங்கரை மக்களுக்கு நேர்ந்தது இதுதான். மேலே இருந்த கமியோக்கா சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் வலுவிழந்து, அசைந்தாலே முறியும் நிலைக்கு வந்தன. 'இத்தாய் இத்தாய்' என்பது அந்த நோயின் பெயர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள். அதே நாட்டின் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை விட்ட பாதரசம் மீன்களில் சேர்ந்து, 1956-இல் நரம்பு நோயாக அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் கையெழுத்தான உலக உடன்படிக்கை அந்த ஊரின் பெயரையே தாங்குகிறது.

இந்தியாவில் பொதுவான கழிவுநீர் விதிப்படி, ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு நிக்கல் 3 மில்லிகிராமும் ஈயம் 0.1 மில்லிகிராமும் ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராமும் பாதரசம் 0.01 மில்லிகிராமும் வரை இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு இதைவிட மிகக் கடுமையானது: நிக்கல் 0.02, ஈயம் 0.01, பாதரசம் 0.001. நிக்கலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே 150 மடங்கு வேறுபாடு. ஓடும் ஆறு மீதியைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு போன்ற ஆறுகளில் நீர்க்கச் செய்யத் தண்ணீர் எங்கே இருக்கிறது? வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தின் தோல் ஆலைகள் அந்த ஆற்றின் கரையில்தான் வளர்ந்தன. அங்கே விட்டது நிலத்தடிக்கே இறங்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த மண்ணின் சட்டமாக அறிவித்ததற்குக் காரணம் இதே ஆற்றுப் படுகைதான்.

சுண்ணாம்பின் எல்லை

உலோகக் கழிவுநீருக்கு இன்றும் முதல் மருந்து சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் சோடா. தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றினால் கரைந்த உலோகம் ஹைட்ராக்சைடாக மாறி, தயிர்போலத் திரிந்து அடியில் படியும். மலிவான முறை; பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. செறிவு அதிகமான கழிவுக்கு இதை விட்டால் வேறு வழியும் அதிகம் இல்லை.

சிக்கல் கடைசிச் சில மில்லிகிராமில்தான் வருகிறது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு பி.எச். அளவில்தான் நன்றாகப் படியும். குரோமியத்துக்கு எட்டுக்கு அருகே போதும். நிக்கலுக்குப் பத்தையும் தாண்ட வேண்டும். நிக்கலுக்காகக் காரத்தை ஏற்றினால், முன்பே படிந்த குரோமியமும் துத்தநாகமும் மீண்டும் கரையத் தொடங்கும். இரண்டும் கலந்த தண்ணீரில் இரண்டையும் ஒரே தொட்டியில் முழுமையாகப் படியவைக்க முடியாது. முலாம் கரைசலில் சேர்க்கும் சயனைடு, அம்மோனியா, சிட்ரிக் அமிலம் போன்றவை உலோகத்தைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு படியவிடாமல் தடுக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் மிஞ்சுவது கசடு. பல உலோகங்கள் ஒன்றாகக் கலந்த, ஈரமான, யாருக்கும் பயன்படாத, பாதுகாப்பான குழி தேடி அலைய வைக்கும் கசடு.

சுண்ணாம்பு விட்டுவைக்கும் நீர்த்த தண்ணீரிலிருந்து உலோகத்தைக் கழற்றுவதும், சுண்ணாம்பே தேவைப்படாதபடி முதலிலேயே பிடித்துவிடுவதும் படலங்களிடம் எதிர்பார்க்கப்படும் வேலைகள்.

சல்லடை போதாது

வடிகட்டுவது என்றவுடன் சல்லடைதான் மனத்துக்கு வரும். ஆனால் நீர்ப் போர்வையோடு சேர்த்துப் பார்த்தாலும் ஓர் ஈய அயனியின் குறுக்களவு ஒரு நானோமீட்டரை எட்டுவதில்லை. மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். பாக்டீரியாவையும் பல வைரஸ்களையும் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டுச் சவ்வுகளின் துளைகள் பல நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் வரை இருக்கும். அவற்றின் வழியாக உலோக அயனி தங்குதடையின்றி நழுவிப் போய்விடும்.

எதிர்ச் சவ்வூடுபரவலில் பயன்படும் ஆர்.ஓ. சவ்வு தடுக்கும். அதன் வரலாற்றில் இந்தியாவில் பிறந்த ஒருவருக்குப் பெரிய இடம் உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிட்டேட்டை மெல்லியதாக வார்த்து, ஒரு பக்கம் மட்டும் மிக நுண்ணிய தோலும் அதன் அடியில் பஞ்சு போன்ற தாங்கு அடுக்கும் உள்ள சவ்வைச் செய்தார்கள். தோல் மெல்லியதானதால் தண்ணீர் வேகமாகக் கடந்தது, உப்பு தடுக்கப்பட்டது. அதுவரை ஆய்வகத்து அதிசயமாக இருந்த ஒன்று ஆலைக்குப் போனது அதன் பிறகுதான்.

அந்த வார்ப்பு முறை இன்றைக்கும் சவ்வு ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கிறது. பாலிமரை ஒரு கரைப்பானில் தேன் பதத்துக்குக் கரைக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் ஊற்றி, கத்தி போன்ற பட்டையால் ஒரே தடிமனில் இழுத்துப் பரப்புகிறார்கள். தட்டோடு அப்படியே தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். கரைப்பான் வெளியேற, தண்ணீர் உள்ளே புக, பாலிமர் கரைந்திருக்க இடமில்லாமல் சட்டென்று திடமாகிறது. கண்ணாடிபோல இருந்த படலம் சில நொடிகளில் பால் வெள்ளையாகி, தானே கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும். தண்ணீர் எந்த வேகத்தில் புகுந்தது, எந்த வெப்பத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து உள்ளே துளைகளின் வடிவமே மாறும். செய்பவரின் கைப்பக்குவம் இதில் உண்டு.

ஆர்.ஓ.வுக்கு ஒரு விலை உண்டு. அது எல்லா உப்பையும் பாகுபாடின்றித் தடுப்பதால் உயர் அழுத்தம் கேட்கிறது, மின்சாரம் செலவாகிறது. பத்து மில்லிகிராம் நிக்கலுக்காக ஆயிரக்கணக்கான மில்லிகிராம் சாதாரண உப்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் நிக்கலும் உப்பும் கலந்த அடர் கழிவு ஒன்று மிஞ்சுகிறது. தேவையான உலோகத்தை மட்டும் தேர்ந்து பிடிக்க வேண்டும் என்றால், படலம் அளவைப் பார்த்துத் தடுத்தால் போதாது. ஆளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

பற்றும் குழுக்கள்

பிடிப்பதற்குள்ள வழிகளில் எளியது மின்னூட்டம். படலத்தின் பரப்பில் நேர் மின்னூட்டம் நிலைத்திருந்தால் நேர் அயனிகளை அது தள்ளும். எதிர் மின்னூட்டம் இருந்தால் இழுக்கும். இந்த விலக்கலின் விதியை 1911-இல் வகுத்தவர் ஃபிரெடெரிக் டோனன். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் பிறந்தது கொழும்பில். பாலிஎத்திலீன்இமின் என்ற அமீன் செறிந்த பாலிமரைப் படலத்தின் மேல் பூசினால் பரப்பு நேர் மின்னூட்டம் பெறும். உலோக அயனிகள் நெருங்கவே தயங்கும். ஆர்.ஓ.வைவிடத் தளர்வான, குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நானோவடிகட்டுச் சவ்வுகள் இந்த உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன.

தள்ளுவதைவிடச் சுவையானது பிடிப்பது. அமெரிக்க வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் 1963-இல் ஒரு எளிய வகைப்பாட்டைத் தந்தார். சில அயனிகள் கடினமானவை, சில மென்மையானவை. கடினமானது கடினமானதோடும் மென்மையானது மென்மையானதோடும் உறவுகொள்ளும். மூன்று இணைதிறன் குரோமியம் கடினமான இனம். ஆக்சிஜன் உள்ள கார்பாக்சில் குழுவை நாடும். செம்பும் நிக்கலும் இடைப்பட்டவை. நைட்ரஜன் உள்ள அமீனோடு சேரும். பாதரசம் மிக மென்மையானது. கந்தகத்தைக் கண்டால் விடாது. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தயால் குழு கொண்ட சேர்மங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க் வேதியியலாளர் வில்லியம் சைஸ் வைத்த பெயர் மெர்காப்டன். 'பாதரசத்தைப் பிடிப்பது' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. பாதரசத்துக்கான படலத்தில் தயால் குழுவைப் பொருத்தும் இன்றைய ஆய்வாளர், அந்தப் பழைய பெயர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

குழு எது என்று தெரிந்துவிட்டது. அதைப் படலத்தில் எப்படிப் பொருத்துவது? பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக் வேதி அளவில் மந்தமானது. எதோடும் எளிதில் சேராது. இதற்கு ஒரு வழி கதிர்வீச்சு. காமா கதிரையோ எலக்ட்ரான் கற்றையையோ பாய்ச்சினால் பிளாஸ்டிக் சங்கிலியில் அங்கங்கே பிணைப்பு அறுந்து, துடிப்பான முனைகள் உருவாகும். உடனே அக்ரிலிக் அமிலம், அக்ரிலோநைட்ரைல் போன்ற சிறு மூலக்கூறுகளைக் கொடுத்தால் அந்த முனைகளிலிருந்து புதிய கிளைகள் வளரும். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது போலவே இதற்கும் ஒட்டு என்றுதான் பெயர். அடிமரம் உறுதியைத் தருகிறது. ஒட்டுக்கிளை வேலையைச் செய்கிறது.

இந்த முறையின் மிகத் துணிச்சலான சோதனை நடந்தது கடலில். கடல்நீரில் லிட்டருக்கு மூன்று மைக்ரோகிராம் அளவே யுரேனியம் உண்டு. ஜப்பான் அணு ஆற்றல் ஆய்வு நிறுவனத்தினர் பாலிஎத்திலீன் துணியில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டவைத்து, அதை அமிடாக்சைம் என்ற குழுவாக மாற்றி, அந்தத் துணி அடுக்குகளை 1999 முதல் 2001 வரை அவோமோரி மாகாணக் கடலில் தொங்கவிட்டார்கள். சுமார் ஒரு கிலோ யுரேனியச் சேர்மம் கிடைத்தது. பம்பு இல்லை, அழுத்தம் இல்லை. கடலின் ஓட்டமே தண்ணீரைத் துணிக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அவ்வளவு நீர்த்த நிலையிலும் பிடிக்க முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. கூடவே ஒரு பாடமும் கிடைத்தது: யுரேனியத்துக்காக விரித்த வலையில் வனேடியம் ஏராளமாக வந்து மாட்டி இடத்தை அடைத்துக்கொள்கிறது. முழுமையாக ஆளறிந்து பிடிக்கும் குழு என்று ஒன்று இதுவரை அமையவில்லை.

கதிர்வீச்சு வசதி எல்லோரிடமும் இராது. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைவிட எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். பாறையில் ஒட்டி வாழும் மட்டி, அலையடித்தாலும் கழன்றுவராமல் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதத்தைப் பார்த்து, அதே வேதித் தன்மையுள்ள டோபமைனை எடுத்துக்கொண்டார்கள். லேசான காரத்தன்மையுள்ள டோபமைன் கரைசலில் எந்தப் பொருளை முக்கினாலும், டெஃப்லான் உட்பட, அதன் மேல் பழுப்பு நிற மெல்லிய பூச்சு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சு தானே உலோகத்தைப் பற்றும். வேறு குழுக்களை அதன் மேல் கட்டவும் இடம் தரும். வாளித் தண்ணீரில் துணிக்குச் சாயம் தோய்ப்பதுபோலச் செய்யக்கூடிய மாற்றம் என்பதால், இந்தத் துறையின் போக்கையே அது மாற்றிவிட்டது.

மற்றொரு வகைப் படலம் பிடித்துவைத்துக்கொள்வதில்லை, கைமாற்றிவிடுகிறது. செல்லுலோஸ் ட்ரை அசிட்டேட் அல்லது பி.வி.சி. படலத்துக்குள் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்வூட்டியையும், உலோகத்தைச் சுமக்கும் மூலக்கூறு ஒன்றையும் சேர்த்து வார்க்கிறார்கள். ஒரு பக்கம் கழிவுநீர், மறுபக்கம் உலோகத்தை இறக்கிவைக்கும் கரைசல். சுமப்பவர் இந்தக் கரையில் உலோகத்தை ஏற்றி அந்தக் கரையில் இறக்குகிறார், பரிசல்காரரைப் போல. நீர்த்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்கே உலோகத்தை ஏற்றிச் செல்லவும் இதனால் முடியும். குறை என்னவென்றால், அந்தச் சுமப்பு மூலக்கூறுகள் நாளடைவில் படலத்தை விட்டுத் தண்ணீரில் கசிந்துவிடுகின்றன.

இறால் ஓடு

இந்தியக் கடற்கரைக்கு மிக நெருக்கமான பாலிமர் கைட்டோசான். இறாலைப் பதப்படுத்தும்போது தலையும் ஓடுமாக அதன் எடையில் ஏறக்குறைய பாதி கழிவாகிறது. அந்த ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளிலிருந்து சுண்ணாம்புச் சத்தை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, பிறகு அடர்ந்த சூடான காஸ்டிக் கரைசலில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

மற்ற பாலிமர்களில் சிரமப்பட்டு ஒட்டவைக்க வேண்டிய அமீன் குழு கைட்டோசானின் பெரும்பாலான கண்ணிகளில் பிறவியிலேயே இருக்கிறது. அமீனின் நைட்ரஜன் அணுவில் யாரோடும் பங்கிடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் உண்டு. செம்பு அயனி அருகே வந்தால் அந்த ஜோடியைக் கொடுத்து அணைத்துக்கொள்ளும். வெள்ளைப் படலம் செம்புக் கரைசலில் நீலமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வார்ப்பதும் எளிது: நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது ஏறக்குறைய வினிகரில், கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவிட்டால் போதும்.

அமிலத்தில் கரைவதுதான் அதன் பலவீனமும். முலாம் பட்டறைத் தண்ணீர் பெரும்பாலும் அமிலமாகவே இருக்கும்; சும்மா வார்த்த கைட்டோசான் அதில் கரைந்துபோகும். அதனால் குளூட்டரால்டிஹைடு போன்ற பொருளால் சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சுப் போடுகிறார்கள். குறுக்குப் பிணைப்பு என்று பெயர். முடிச்சு விழ விழப் படலம் கெட்டிப்படும். ஆனால் முடிச்சில் செலவாவது அதே அமீன் குழுக்கள்தான். உறுதி கூடினால் பிடிப்பு குறையும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைட்டோசான் ஆய்வுகளில் பாதி அடங்கியிருக்கிறது. பாலிவினைல் ஆல்கஹாலைக் கலப்பதும், செல்லுலோஸ் துணியின் மேல் பூசுவதும் அமீனைச் செலவழிக்காமல் வலுவூட்டும் முயற்சிகளே.

இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தூய்மையான வழி என்று சொல்லிவிட முடியாது. ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கச் செலவாகும் அமிலமும் காஸ்டிக்கும் தாங்களே ஒரு கழிவுநீர்ப் பிரச்சினை. அதையும் கணக்கில் சேர்த்துத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

குரோமியம் என்ற விதிவிலக்கு

மேலே சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக்கும் உலோகம் குரோமியம். தோல் பதனிட உதவும் மூன்று இணைதிறன் குரோமியம் நேர் அயனி, நஞ்சும் குறைவு. முலாம் தொட்டியிலும் குரோமேட் ஆலைகளிலும் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியமோ புற்றுநோய் உண்டாக்குவது. அது தனியே அலைவதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர் அயனியாக அலைகிறது. ஆகவே நிக்கலைத் தள்ளும் நேர் மின்னூட்டப் படலம் குரோமேட்டை இழுக்கும். நிக்கலைப் பிடிக்கும் கார்பாக்சில் படலம் குரோமேட்டைச் சீண்டாது.

கைட்டோசானின் அமீன் குழு அமிலத்தில் ஒரு புரோட்டானை ஏற்று நேர் மின்னூட்டம் பெறும். அப்போது செம்பைப் பிடிக்க அதனிடம் எலக்ட்ரான் ஜோடி இராது. ஆனால் குரோமேட்டை மின் ஈர்ப்பால் பிடிக்கும். ஒரே படலம், பி.எச். மாறினால் வேறு உலோகம். பாலிஅனிலீன், பாலிபைரோல் போன்ற மின்கடத்தும் பாலிமர்களைப் பூசிய படலங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: குரோமேட்டைப் பிடித்ததோடு நில்லாமல் எலக்ட்ரானைக் கொடுத்து அதை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்கிவிடுகின்றன. உலோகத்தை அழிக்க முடியாது என்றாலும் அதன் கொடுமையைத் தணிக்க முடியும் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

பட்டறைக் கணக்கு

ஒரு சிறு முலாம் பட்டறை நாளுக்கு 10,000 லிட்டர் அலசு நீர் விடுவதாகவும், அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், நாளுக்கு 500 கிராம் நிக்கல். ஒரு கிராம் படலம் 100 மில்லிகிராம் உலோகத்தைப் பிடிக்கும் என்றால் 5 கிலோ படலம் தேவை. கால் மில்லிமீட்டரிலும் பாதிக்குக் குறைவான, அதாவது 0.1 மில்லிமீட்டர் தடிமனில், அது சுமார் 42 சதுர மீட்டர் பரப்பு. சுருட்டி ஒரு குழாய்க்குள் அடைத்துவிடலாம். ஒரு நாளில் அது நிரம்பிவிடும். மறுநாளுக்குள் கழுவித் தயாராக்க வேண்டும்.

கழுவுவதற்கு அமிலம் உதவுகிறது. அமிலத்தின் புரோட்டான்கள் அமீனையும் கார்பாக்சிலையும் ஆக்கிரமித்து உலோகத்தை வெளியே தள்ளும். 50 லிட்டர் நீர்த்த கந்தக அமிலத்தில் அந்த 500 கிராமும் இறங்கினால், லிட்டருக்கு 10 கிராம் செறிவுள்ள நிக்கல் சல்பேட் கரைசல் கைக்கு வரும். 10,000 லிட்டரில் பரவிக் கிடந்தது 50 லிட்டருக்குள் சுருங்கிவிட்டது. முலாம் தொட்டியில் ஊற்றும் உப்பும் நிக்கல் சல்பேட்டுதான். கழிவாகப் போனது சரக்காகத் திரும்பி வருகிறது.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது பட்டறையில் ஏன் பரவவில்லை? முதல் காரணம், ஆய்வகத் தண்ணீருக்கும் உண்மையான கழிவுநீருக்கும் உள்ள தூரம். ஏராளமான ஆய்வுகள் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஓர் உலோக உப்பைக் கரைத்து, ஒரு குடுவையில் படலத் துண்டைப் போட்டு, மணிக்கணக்கில் கலக்கி, ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று முடிவு சொல்கின்றன. அந்த எண் படலத்தின் உச்ச வரம்பு. உண்மையான கழிவுநீரில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் எல்லாம் பன்மடங்கு அதிகமாக நின்று அதே இருக்கைக்குப் போட்டியிடும். தோல் ஆலைத் தண்ணீரின் உப்பு அளவு அதைவிடக் கொடிது. எண்ணெய், சோப்பு, பளபளப்பூட்டும் சேர்மங்கள் பரப்பின் மேல் படிந்து துளைகளை அடைக்கும். பாக்டீரியா வழுவழுப்பான ஏடாகப் படர்ந்து மீதியை மூடும்.

இரண்டாவது, ஆயுள். ஐந்து முறை கழுவிய பின்னும் பிடிப்புத் திறன் குறையவில்லை என்பது ஆய்வுக் கட்டுரையில் பாராட்டுக்குரிய செய்தி. தினமும் கழுவும் பட்டறைக்கு அது ஐந்து நாள் வேலை மட்டுமே. நூற்றுக்கணக்கான சுழற்சிகளுக்குத் தாங்காத படலம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும் தொழிலுக்கு ஆகாது.

படலத்துக்கு ஏற்கெனவே அனுபவமுள்ள போட்டியாளர் ஒருவரும் உண்டு. குருணை வடிவ அயனிப் பரிமாற்ற ரெசின் 1930-களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது, மலிவு, உறுதி. அதைவிடப் படலம் எங்கே மேல்? குருணையின் நடுவிலுள்ள இருக்கையை அடைய அயனி மெதுவாக ஊர்ந்து உள்ளே போக வேண்டும். துளையுள்ள படலத்திலோ தண்ணீரே ஒவ்வொரு இருக்கையின் வாசலுக்கும் அயனியைக் கொண்டுவந்து விடுகிறது. வேகமாக ஓடும், மிக நீர்த்த தண்ணீரில் படலத்தின் மேன்மை உண்மையானது. மற்ற இடங்களில் ரெசினே போதும் என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

பிடித்த உலோகம் எங்கே போகும்?

படலம் உலோகத்தை இடம் மாற்றுகிறது; அவ்வளவுதான். தண்ணீரில் இருந்தது படலத்துக்கு வந்து, படலத்திலிருந்து அமிலத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்தச் சுத்திகரிப்பும் நஞ்சைத் தள்ளிவைப்பது மட்டுமே. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலையாகக் குவிந்து, மழைக்கு மழை மஞ்சள் நீராகக் கசிந்தது. ஆலை நின்ற பிறகும் அதன் உலோகம் நிற்கவில்லை.

பல ஆலைகளின் தண்ணீர் ஒரே குழாயில் கலந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஏற்பாட்டில், எந்தப் படலமும் தன் திறமையைக் காட்ட முடியாது. அங்கே நிக்கல் தனியாக இல்லை; குரோமியமும் துத்தநாகமும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த ஒரு குழம்புதான் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் உலோகத்தை யாரும் வாங்க மாட்டார்கள். கலப்பதற்கு முன்பு, நிக்கல் தொட்டியை அடுத்த முதல் அலசு தொட்டியில், தண்ணீரில் நிக்கல் மட்டுமே இருக்கும். அங்கே பிடித்தால் தொட்டிக்கே திருப்பி ஊற்றலாம். தோல் ஆலையிலும் இதே நியாயம்தான்: வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் தோல் ஏற்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மீதி கழிவோடு போகிறது. குரோம் தண்ணீரை மற்றக் கழிவோடு சேர்க்காமல் தனியே வாங்கி, மெக்னீசியம் ஆக்சைடால் படியவைத்து, மீண்டும் பதனிடப் பயன்படுத்தும் முறை சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஆலைகளுக்குப் போயிருக்கிறது. பிரித்து வாங்குவது நடக்கக்கூடியது என்பதற்கு அது போதிய சான்று.

ஆகவே ஆய்வகங்கள் ஒரு கிராமுக்கான மில்லிகிராம் போட்டியை விட்டுவிட்டு, உண்மையான அலசு நீரில் ஓர் ஆண்டு ஓடிய படலத்தின் கணக்கைத் தர வேண்டும். சிறு பட்டறைகளுக்குக் கடனோ மானியமோ தரும் அரசுத் துறைகள் கடைசியில் வைக்கும் பெரிய தொட்டியைவிட முதலில் வைக்கும் சிறிய குழாய்க்கு முன்னுரிமை தர வேண்டும். ஒவ்வொரு முலாம் பட்டறையிலும் முதல் அலசு தொட்டிக்குத் தனிக் குழாய் போடப்பட வேண்டும். படலத்தைப் பொருத்த வேண்டிய இடம் அதுதான்.